பெயர் கடந்து வந்த கடல்கள்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தெஹிவளையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கமாக இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றிலே எங்கள் வீடு இருக்கிறது. எங்களுக்கு மூன்றாவது வீட்டில் ஒரு பறங்கிய மூதாட்டி வாழ்ந்தார். ஒழுங்கையிலுள்ள சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் 'ஆன்ரி' தான். பிள்ளைகள் எல்லோரும் மெல்பேர்ணுக்குப் போய்விட்டார்கள். ஒரு பியானோவும், இரண்டு பூனைகளும், தோல் அட்டை போட்ட ஒரு பெரிய வேதாகமமும் அவருக்குத் துணை.

ஒரு நாள் மாலை அவர் என்னைக் கூப்பிட்டார். "நீ எழுதுகிற ஆள்தானே. பழைய தாள்களை வாசிக்கத் தெரிந்திருக்கும். இதைக் கொஞ்சம் பார்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திலிருந்து வந்த கடிதம். எழுதியவர் முன்பின் அறியாதவர். ஆனால் அவருடைய குடும்பப் பெயரும் ஆன்ரியின் தகப்பன் வழிக் குடும்பப் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தன. "என் முன்னோர் பிரான்சிலிருந்து மதத்துக்காகத் துரத்தப்பட்டு, ஜெர்மனி வழியாக இங்கே வந்தவர்கள். உங்கள் முன்னோர் இலங்கைக்கு எப்படி வந்தார்கள்? நாம் ஒரே கொடியின் இரண்டு கிளைகளா?" என்று அவர் கேட்டிருந்தார்.

அந்தக் குடும்பப் பெயரை நான் இங்கே சொல்லப் போவதில்லை. அது அவர்களுக்குரியது. ஆனால் அந்தக் கேள்வியின் பின்னால் நான் அலைந்த கதை நமக்கும் உரியது என்பதனால் இன்று சொல்ல வந்தேன்.

பிரான்ஸ் தேசத்திலே கல்வின் என்ற சீர்திருத்தவாதியின் வழியைப் பின்பற்றிய புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர்களை ஹியூகனோக்கள் என்று அழைப்பார்கள். கத்தோலிக்கப் பெரும்பான்மையின் நடுவே அவர்கள் சிறுபான்மையினர். 1572 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 24 ஆந் திகதி, புனித பார்த்தலோமியு திருநாளன்று, பாரிஸ் நகரில் அவர்கள் வீடு வீடாகத் தேடிக் கொல்லப்பட்டார்கள். 1598 இல் நான்காம் ஹென்றி மன்னன் 'நான்ற் கட்டளை' என்ற பிரகடனத்தால் அவர்களுக்குப் பாதுகாப்பு அளித்தான். அவனுடைய பேரன் பதினான்காம் லூயி, 1685 ஒக்டோபரில் அந்தக் கட்டளையை இரத்துச் செய்தான். தேவாலயங்கள் இடிக்கப்பட்டன. போதகர்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டும், சாதாரண மக்களோ வெளியேறக் கூடாது என்பது உத்தரவு. அகப்பட்ட ஆண்களைக் கப்பலில் துடுப்பு வலிக்கும் கைதிகளாக்கினார்கள். அப்படியிருந்தும் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இரவோடிரவாக எல்லை தாண்டினார்கள். ஒல்லாந்து, இங்கிலாந்து, சுவிற்சர்லாந்து, பிரஷ்யா என்று சிதறினார்கள். அகதியைக் குறிக்கும் 'ரெபியூஜி' என்ற ஆங்கிலச் சொல் இந்த மக்களோடுதான் அந்த மொழிக்குள் வந்து சேர்ந்தது. நம்மவர் காலத்தில் நாம் அன்றாடம் உச்சரித்த சொல்லுக்கு இப்படியொரு பிறப்புக் கதை இருக்கிறது.

கடிதம் எழுதிய அமெரிக்கரின் வழி இதற்கும் சற்று முந்தியது. ஹட்சன் ஆற்றுக்கு அருகே நியூ போல்ற்ஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பன்னிரண்டு ஹியூகனோக் குடும்பத் தலைவர்கள் 1677 இல் அங்கே நிலம் பெற்றுக் குடியேறினார்கள். அவர்களுள் ஒருவர் லூயி டுபுவா. வட பிரான்சின் லீல் நகரத்துக்கு அண்மையிலுள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவர். அங்கிருந்து ஜெர்மனியின் மன்ஹைம் நகருக்குப் போய், அங்கே திருமணம் செய்து, 1660 அளவில் அமெரிக்கா வந்தவர். தங்களுக்கு அடைக்கலந் தந்த ஜெர்மன் நாட்டுப் பகுதியின் பெயரையே புதிய ஊருக்கு வைத்தார்கள். அவர்கள் கட்டிய கல் வீடுகளுட் சில இன்றும் அந்தத் தெருவில் நிற்கின்றன.

அந்த ஊர்த் தேவாலயப் பதிவேட்டைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அது முதலிலே பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்டது. பிறகு ஒல்லாந்த மொழிக்கு மாறியது. அதற்குப் பிறகு ஆங்கிலமாயிற்று. ஒரே தேவாலயம், அதே குடும்பங்கள், மூன்று மொழிகள். பிள்ளைகளுக்குப் பேரனுடைய பெயரைத் தொடர்ந்து வைத்தார்கள். பேரன் பேசிய மொழி அவர்களுக்கு விளங்காமற் போயிற்று.

பெயரும் எப்போதும் அப்படியே நிற்பதில்லை. போஸ்ரன் நகரின் புகழ்பெற்ற வெள்ளி வேலைக்காரர் போல் ரெவியர், அமெரிக்க விடுதலைப் போரின் வீரர்களுள் ஒருவர். அவருடைய தந்தையார் பிரான்சிலிருந்து சிறுவனாக வந்தவர். அப்போது அவர் பெயர் அப்பலோஸ் ரிவுவார். அயலவரின் நாக்குக்கு அது வரவில்லை. ரிவுவார் ரெவியர் ஆயிற்று. கொழும்பிலே வேலைக்கு வந்து தன் நீண்ட பெயரை அரைப் பெயராக வெட்டிக்கொண்ட எத்தனை யாழ்ப்பாணத்தவரை நாம் கண்டிருக்கிறோம்!

சரி, இந்த மக்களுக்கும் இலங்கைக்கும் என்ன தொடர்பு? ஒல்லாந்துக்கு ஓடியவர்களுக்கு அங்கே ஒரு பெரிய முதலாளி காத்திருந்தான். அதுதான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி. கடலோடிகள், போர்வீரர், எழுதுவினைஞர், சத்திர வைத்தியர் என்று அதற்கு எந்நேரமும் ஆட்கள் தேவை. 1688 ஆம் ஆண்டிலிருந்து அந்தக் கம்பனி ஹியூகனோக் குடும்பங்களைத் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற்றியது. லா றொஷெல் நகரிலிருந்து வந்த மூன்று டிவில்லியர்ஸ் சகோதரர்கள் அவர்களுள் அடங்குவர். டிவில்லியர்ஸ், டுபிளெசி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட் வர்ணனையில் கேட்டுப் பழகிய பெயர்கள் எல்லாம் அந்தக் கப்பல்களின் மிச்சம். பாடசாலையிலும் தேவாலயத்திலும் ஒல்லாந்த மொழியே வழங்க வேண்டுமென்று கம்பனி விரும்பியது. இரண்டு மூன்று தலைமுறைக்குள் முனையில் பிரெஞ்சு பேச ஆளில்லை.

அந்த முனையில் நின்று தண்ணீர் ஏற்றிய கப்பல்களில் சில நேரே காலிக்கும் கொழும்புக்கும் வந்தன. 1656 இல் கொழும்பையும் 1658 இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்த கம்பனி, 1796 வரை இந்தக் கரையோரத்தை ஆண்டது. அதன் சேவையில் வந்தவர்கள் எல்லோரும் ஒல்லாந்தர் அல்லர். ஜெர்மானியர், சுவிஸ் நாட்டவர், பிரெஞ்சுக்காரர் என்று ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் வந்தார்கள். நமது நாட்டின் பழைய குளங்களையும் வாய்க்கால்களையும் பற்றி 1934, 1935 ஆம் ஆண்டுகளில் பெருநூல் வெளியிட்ட நில அளவையாளர் ஆர். எல். புரோஹியர் அவர்களை அறிந்திருப்பீர்கள். அவருடைய குடும்பமும் ஹியூகனோ வழிவந்த பிரெஞ்சுக் குடும்பமே. இங்கிலாந்துக் கால்வாய்த் தீவுகளின் வழியாக இங்கே வந்து சேர்ந்தது. சொந்த மண்ணை இழந்தவர்களின் வழித்தோன்றல் ஒருவர் இந்த மண்ணை அங்குலம் அங்குலமாக அளந்து எழுதியிருக்கிறார்.

கம்பனியோடு வராத ஒருவரும் உண்டு. 1672 இல் பிரெஞ்சுத் தளபதி டி லா ஹே தன் கப்பற் படையோடு திருகோணமலைப் பகுதியில், கொட்டியாரக் குடாவில் வந்திறங்கினான். கண்டியில் இருந்த இரண்டாம் இராசசிங்கனிடம் லனறோல் என்ற பிரபுவைத் தூது அனுப்பினான். அந்தத் தூதர் அரண்மனை முற்றத்தைக் குதிரை மேலிருந்தபடியே கடந்தாராம். அரசன் அழைக்கும்வரை காத்திருக்கப் பொறுக்காமல் திரும்பிப் போனாராம். மன்னன் அவரை விலங்கிட்டான். அக்காலத்தில் கண்டியில் சிறையிருந்த றொபேட் நொக்ஸ் தன் நூலிலே இதை எழுதி வைத்திருக்கிறார். படை மைலாப்பூர்ப் பக்கம் போய்விட்டது. தூதர் கண்டியிலேயே தங்கிப்போனார். 1692 இல் ஜோசப் வாஸ் அடிகளார் கண்டிக்கு வந்தபோது, கல்வின் மதத்தவரான லனறோல் அங்கே இருந்தார். இன்று டி லனறோல் என்பது ஒரு சிங்களக் குடும்பப் பெயர். சிங்கள அகராதிப் பணியில் உழைத்த ஜூலியஸ் டி லனறோல் அந்தப் பெயருக்குரிய அறிஞர். பிரெஞ்சுத் தூதரின் பெயரைத் தாங்கியவர் சிங்களச் சொற்களுக்கு வேர் தேடினார் என்பது வரலாற்றின் விந்தைகளில் ஒன்று.

இவ்வளவும் படித்துத் தெரிந்துகொள்ளக் கூடியவை. ஆன்ரியின் கேள்விக்கு விடை காண்பதற்குப் புத்தகம் போதாது. ஏடுகளைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

முதலில் அவருடைய வேதாகமத்தைத் திறந்தோம். முன்பக்கத்து வெற்றுத் தாள்களில் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், மரணம் எல்லாம் வெவ்வேறு கைகளால், வெவ்வேறு மைகளால் எழுதப்பட்டிருந்தன. அதிலிருந்து ஐந்து தலைமுறை கிடைத்தது. அடுத்ததாக ஒல்லாந்தப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகைக்குப் போனோம். ஆர். ஜி. அந்தோனிஸ் என்ற அரச சுவடிக் காப்பாளரின் முயற்சியால் 1908 இல் உருவான சங்கம் அது. தொடக்க காலத்திலே எப். எச். டி வோஸ், பின்னர் டி. வி. ஆல்ரெண்டோர்ப் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான குடும்பங்களின் வம்சாவழியை அந்தச் சஞ்சிகையில் தலைமுறைக்கு ஓர் எண்ணிட்டு அச்சிட்டு வைத்தார்கள். அங்கே மேலும் இரண்டு தலைமுறை கிடைத்தது.

அவற்றுக்கெல்லாம் ஆதாரமாக நிற்பது வுல்பெண்டால் தேவாலயம். புறக்கோட்டைச் சந்தடியிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏறும்போது, மேட்டின் மீது சிலுவை வடிவில், தடித்த சுவர்களோடு நிற்கிறதே, அதுதான். 1749 இல் தொடங்கி 1757 இல் கட்டி முடித்தார்கள். தரையெல்லாம் கல்லறைக் கற்கள். அதன் பதிவேடுகளிலே ஆன்ரியின் பூட்டனுக்குப் பூட்டன் ஞானஸ்நானம் பெற்ற குறிப்பு இருந்தது. அதற்கும் மேலே போவதற்கு, ஹேக் நகரத்தில் பேணப்படும் கம்பனியின் சம்பளப் பேரேடுகள் உதவின. கப்பலின் பெயர், ஏறிய ஆண்டு, ஆளின் பெயர், சொந்த ஊர் என்று வரிசையாக எழுதிய பேரேடுகள் அவை. பதினெட்டாம் நூற்றாண்டுக்குரியவற்றை இப்போது வீட்டிலிருந்தே கணினியில் தேடலாம். ஆன்ரியின் மெல்பேர்ண் பேத்தி தேடி அனுப்பினாள்.

கிடைத்தது என்ன தெரியுமா? அந்தப் பெயருக்குரிய போர்வீரன் ஒருவன். சொந்த ஊர் என்ற இடத்தில் 'அம்ஸ்ரர்டாம்' என்று ஒரே சொல். அவன் அங்கே பிறந்தவனா, பிரான்சிலிருந்து ஓடிவந்து அங்கே கப்பலேறியவனா, பேரேடு சொல்லவில்லை. எழுதுவினைஞனுக்கு அது தேவைப்படவில்லை. அமெரிக்கரின் குடும்பத்தோடு சேர்த்து முடிச்சுப் போட ஒரு தாளும் இல்லை. பெயர் ஒன்றாயிருப்பதால் மட்டும் குடும்பம் ஒன்றாகிவிடாது என்பது வம்சாவழி தேடுவோரின் முதற் பாடம். ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு தாள் சாட்சி சொல்ல வேண்டும்.

ஆன்ரிக்கு ஏமாற்றமாக இருக்குமென்று நினைத்தேன். அவர் சிரித்தார். "பரவாயில்லை, எட்டுத் தலைமுறை கிடைத்ததே. அது சரி, உன்னுடைய பூட்டனுடைய தகப்பன் பெயர் என்ன?" என்று கேட்டார்.

நேயர்களே, எனக்குத் தெரியவில்லை.

அன்றிரவு கனடாவிலிருக்கும் என் பெரியம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "உன்ரை பூட்டன்ரை பேர் தெரியும் ராசா. அவற்றை தேப்பன்ரை பேர் ஆருக்குத் தெரியும்? உறுதியெல்லாம் உங்கடை வீட்டுப் பெட்டிக்குள்ளைதானே கிடந்தது" என்றார்.

அந்தப் பெட்டி 1983 ஜூலையில் எங்கள் வெள்ளவத்தை வீட்டோடு எரிந்துபோயிற்று. நொத்தாரிசு எழுதிய காணி உறுதிகள், சாதகக் குறிப்புகள், என் பேரன் கொப்பியிலே எழுதி வைத்திருந்த குடும்ப விபரம் எல்லாம் அதற்குள் இருந்தன. அப்போது நாங்கள் நகையைப் பற்றி அழுதோம், சாமான்களைப் பற்றி அழுதோம். கொப்பியைப் பற்றி ஒருவரும் அழவில்லை. அதன் பெறுமதி பக்கத்து வீட்டு மூதாட்டி கேட்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நமக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. ஐரோப்பியருக்குக் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாக நிற்கும். நமக்கோ தகப்பன் பெயர் முதலெழுத்தாகும். பிள்ளைக்கு என் பெயர் முதலெழுத்தாகும். மூன்றாவது படியில் பழைய பெயர் கீழே விழுந்துவிடுகிறது. அதை ஈடு செய்யத்தான் பேரனுடைய பெயரைப் பேரப்பிள்ளைக்கு வைத்தார்கள் போலும். பெயரை உடையவன் பெயரன், அவனே பேரன். அந்த வழக்கமும் இன்று அருகி வருகிறது.

ஆனால் ஒல்லாந்தரின் ஏடுகளில் பறங்கியர் மட்டுந்தான் இருக்கிறார்கள் என்று எண்ண வேண்டாம். நிலத்தையும் ஆட்களையும் பதிந்த தோம்புகள் உண்டு. கிராமத்துப் பள்ளிக்கூடங்களில் சட்டம்பிமார் எழுதிய ஞானஸ்நான, விவாகப் பதிவுகள் உண்டு. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கம்பனியின் ஏடுகள் பல ஆயிரம் கிடக்கின்றன. அங்கே தமிழரும் சிங்களவரும் நிறைய இருக்கிறார்கள். 1659 இல் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வைத்தியர் ஒல்லாந்த ஆளுநரின் அழைப்பில் இங்கே வந்தார் என்று ஒண்டாச்சி குடும்ப மரபு சொல்கிறது. அந்தக் குடும்பத்தில் போதகர்கள் தோன்றினார்கள். 1758 இல் கொழும்பில் பிறந்த குவின்ற் ஒண்டாச்சி ஒல்லாந்துக்குப் படிக்கப் போய், உற்றெக்ற் நகரில் மக்களாட்சி கேட்டுக் கிளர்ந்தவர்களுக்குத் தலைவரானார். இந்தக் குடும்பத்தில் வந்த எழுத்தாளர் மைக்கல் ஒண்டாச்சி கனடாவிலிருந்து திரும்பி வந்து, கொழும்புத் தேவாலயத்தின் தரைக் கல்லிலே தன் குடும்பப் பெயரைக் கண்ட அனுபவத்தைத் தமது 1982 ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார்.

ஏடு எல்லோரையும் ஒரேமாதிரி நினைவில் வைத்திருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பறங்கியர் சங்கத்தின் வம்சாவழி தந்தை வழியையே பிடித்துச் செல்கிறது. அந்தப் போர்வீரன் கொழும்பிலே மணந்த பெண் யார்? பதிவேட்டில் ஒரு கிறிஸ்தவப் பெயர் மட்டும் இருக்கிறது. அவள் போர்த்துக்கேயக் கலப்பினளா, சிங்களத்தியா, தமிழச்சியா? ஞானஸ்நானத் தண்ணீரிலே அவளுடைய பழைய பெயர் கரைந்துவிட்டது. அவளுக்கும் கீழே அடிமைகள் இருந்தார்கள். சோழமண்டலக் கரையிலே பஞ்ச காலத்தில் விலைக்கு வாங்கப்பட்டுக் கப்பலேறி வந்தவர்கள் அவர்களுட் பலர். கம்பனி தன் அடிமைகளை வைத்திருந்த இடத்தை ஆங்கிலத்தில் 'அடிமைத் தீவு' என்றார்கள். நாம் கொம்பனித்தெரு என்கிறோம். முதலாளியின் பெயர் தெருவுக்கு நிலைத்தது. அடிமைகளுக்கோ வம்சாவழி எழுத ஆளில்லை. முன்பு சொன்ன டுபுவா பெயரையே பாருங்கள். அமெரிக்கக் கறுப்பின மக்களின் பெருந்தலைவர் டபிள்யூ. ஈ. பி. டுபுவா தம் சுயசரிதையில் தமது வம்சத்தையும் அந்த ஹியூகனோ வழியிலே கண்டு எழுதினார். தப்பியோடிய அகதியின் வழிவந்தவர்கள் தோட்ட முதலாளிகளாகி அடிமைகளை வைத்திருந்த கதையும் அதற்குள் இருக்கிறது. அகதியாக வந்ததனால் மட்டும் ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. வம்சாவழி தேடுபவன் பெருமையை மாத்திரம் பொறுக்கியெடுத்து வர முடியாது.

நேயர்களே, மூன்று நூற்றாண்டுகளுக்கு முன் பாரிசை விட்டு அவர்கள் ஓடினார்கள். நம் காலத்தில் நம்மவர் பாரிசுக்கு ஓடினார்கள். லா சப்பல் பகுதியில் தமிழ்க் கடைப் பலகைகள் தொங்குகின்றன. ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் நம்முடைய நியூ போல்ற்ஸ்கள் இருக்கின்றன. அங்கே கோயிற் புத்தகங்களும் சங்கத்து அறிக்கைகளும் இப்போது தமிழில் எழுதப்படுகின்றன. அந்தச் சிற்றூர்ப் பதிவேட்டின் மூன்று மொழிகளையும் எண்ணிப் பார்க்கும்போது, அவை இன்னும் எத்தனை காலம் தமிழில் இருக்கும் என்று நெஞ்சு கேட்கிறது.

நம்மைப் பற்றி எழுதி வைக்க ஒரு கம்பனி எழுதுவினைஞன் இனி வரப்போவதில்லை. வந்தாலும் அவன் தனக்குத் தேவையானதை மட்டுமே எழுதுவான். அமெரிக்கருக்கு ஒரு கேள்வி பிறந்ததும், ஆன்ரியால் பதில் எழுத முடிந்ததும், யாரோ ஒரு தாய் வேதாகமத்தின் வெற்றுத்தாளில் பிள்ளையின் பெயரை எழுதி வைத்ததனாலேதான்.

ஆன்ரி இப்போது இல்லை. அவர் இறுதியாக மெல்பேர்ணுக்குப் போனபோது பியானோவை விற்றார். பூனைகளை எங்களிடம் தந்தார். வேதாகமத்தை மட்டும் கைப்பெட்டிக்குள் வைத்து மடியிலே கொண்டு போனார். போகுமுன் எனக்கு ஒரு தடித்த கொப்பி வாங்கித் தந்தார். முதற் பக்கத்தில் என் பூட்டனுடைய பெயரை எழுதினேன். அவருடைய மனைவியின் பெயரையும் பெரியம்மாவிடம் கேட்டு எழுதினேன். ஊர், கோயில், கிணற்றடியிலே நின்ற மரம், யார் எந்த நாட்டுக்குப் போனார் என்பவற்றையும் எழுதி வருகிறேன். அதற்கு மேலே ஒரு வரி வெறுமையாகத்தான் இருக்கிறது. அதை அப்படியே விட்டிருக்கிறேன். நிரப்பக்கூடிய ஒரு தாள் எங்காவது ஒரு தோம்பில் கிடக்கலாம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பெரியம்மா இருப்பார். தொலைபேசி இருக்கிறது, கொப்பி இருக்கிறது. அவருக்கு நினைவு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.